பதினாறாம் நம்பர் சட்டை

2024 ஆகஸ்ட் 14. சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் தில்லி எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. திரும்பிய பக்கமெல்லாம் தடுப்பு, போலீஸ், வண்டியை ஓரங்கட்டிச் சோதனை. அந்தக் கெடுபிடிக்கு நடுவே ஓர் அரங்கில் இந்திய ஹாக்கி வீரர்கள் எல்லோரும் சிவப்புச் சட்டையில் கூடியிருந்தார்கள். எல்லோர் முதுகிலும் ஒரே பெயர், ஒரே எண். ஸ்ரீஜேஷ், 16.

ஆறு நாள் முன்புதான் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் வாங்கியிருந்தார்கள். கோல்கீப்பர் பி.ஆர்.ஸ்ரீஜேஷுக்கு அதுதான் கடைசி ஆட்டம். அவரை வழியனுப்பத்தான் தில்லியில் இந்தக் கூட்டம். அங்கே ஹாக்கி இந்தியா இரண்டு விஷயங்களைச் சொன்னது. சீனியர் அணியில் இனி யாருக்கும் 16-ஆம் எண் கிடையாது. ஆனால் ஜூனியர் அணியில் அந்த எண் இருக்கும். இன்னொரு ஸ்ரீஜேஷை ஸ்ரீஜேஷே அங்கே உருவாக்கட்டும். ஆக, ஓய்வு பெற்ற கையோடு அந்த மனிதர் ஜூனியர் அணியின் பயிற்சியாளர் ஆகிவிட்டார்.

செய்தியைக் கேட்டதும் தில்லி ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். பழைய ரசிகர்கள் கொஞ்சம் நிதானமாகத்தான் குதித்தார்கள். ஜூனியர் அணி, புதுப் பயிற்சியாளர், பெரிய எதிர்பார்ப்பு என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வந்ததை இந்த ஊர் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது.

அது 2013 டிசம்பர். ஜூனியர் உலகக் கோப்பை, இந்தியா கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மேஜர் தியான்சந்த் தேசிய விளையாட்டரங்கில். 1933-இல் இர்வின் ஆம்ஃபிதியேட்டர் என்று கட்டப்பட்டு, 1951-இல் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை நடத்திய அதே மைதானம். தென்னாப்பிரிக்கரான கிரெக் கிளார்க் புதிதாகப் பயிற்சியாளராக வந்திருந்தார். சில மாதம் முன்பு மலேசியாவில் நடந்த சுல்தான் ஆஃப் ஜோகூர் கோப்பையை, இறுதியில் மலேசியாவையே 3-0 என்று தோற்கடித்து, நம் பையன்கள் தூக்கிவந்திருந்தார்கள். சொந்த மண், சொந்தக் கூட்டம், கையில் ஒரு கோப்பை. இதற்குமேல் ரசிகனுக்கு என்ன வேண்டும்?

போட்டி தொடங்கியது டிசம்பர் 6-ஆம் தேதி. மண்டேலா மறைந்த செய்தியோடு விடிந்த நாள் அது. சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, எட்டாம் தேதி எண்ணிக்கைக்காக ஊரே காத்திருந்தது. டீக்கடைப் பேச்செல்லாம் அரசியல்தான். ஆனாலும் ஹாக்கிப் பைத்தியங்கள் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக, பையில் வறுத்த வேர்க்கடலையோடு, கேலரிக்குப் போனார்கள். முதல் ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 2-3 தோல்வி. சரி, பெரிய அணிதானே. கனடாவை 3-2 என்று வென்றார்கள். கொரியாவை ஜெயித்தே ஆகவேண்டும் என்ற கட்டத்தில் 3-3 டிரா. அவ்வளவுதான், காலிறுதிக் கதவு சாத்திக்கொண்டது. ஒன்பதாம் இடத்துக்கான ஆட்டத்தில் பாகிஸ்தானிடமும் ஷூட்-அவுட்டில் விட்டுக்கொடுத்து, பதினாறு அணிகளில் பத்தாவது இடம். பிரான்ஸை 5-2 என்று வீழ்த்தி ஜெர்மனி கோப்பையை எடுத்துக்கொண்டு போனது.

மூன்றே வருஷம் முன்புதான், 2010 காமன்வெல்த் இறுதியில் ஆஸ்திரேலியா 8-0 என்று நம்மைத் துவைத்ததை இதே கேலரியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இந்த ரசிகர்கள். இந்த முறை பையன்களாவது அந்த வலியைத் தீர்ப்பார்கள் என்றுதான் வந்திருந்தார்கள்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் ஸ்ரீஜேஷின் நியமனத்தைப் பார்த்துப் பயப்பட மட்டுமே காரணம் இருந்திருக்கும். ஆனால் பத்தாவதாக வந்த அந்த அணியின் கேப்டன் யார் தெரியுமா? மன்பிரீத் சிங். எட்டு ஆண்டு கழித்து, டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று 41 ஆண்டு பதக்க வறட்சியைத் தீர்த்த ஒலிம்பிக் அணிக்கும் அவர்தான் கேப்டன். அதே ஜூனியர் அணியில் ஆடிய மன்தீப் சிங்கும் டோக்கியோவில் இருந்தார். தில்லிக் குளிரில் தலை குனிந்து வெளியேறியவர்கள்தான் பின்னால் கழுத்தில் பதக்கத்தோடு நின்றார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2001 அக்டோபரில் ஹோபர்ட் நகரில், ராஜிந்தர் சிங் பயிற்சியில், அர்ஜென்டினாவை இறுதியில் 6-1 என்று நொறுக்கி இந்தியா முதன்முறையாக ஜூனியர் உலகக் கோப்பையை வென்றது. தீபக் தாக்கூர், ககன் அஜீத் சிங், ஜுக்ராஜ் சிங், பிரப்ஜோத் சிங் என்று அந்த அணியின் பெயர்களை அடுக்கினாலே இன்றைக்கும் பழைய ரசிகர்களின் முகம் மலரும். இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று நம்பினார்கள். ராஜிந்தர் சிங் சீனியர் அணிக்கு உயர்த்தப்பட்டார். 2003-இல் ஆசியக் கோப்பையும் வாங்கித் தந்தார். ஆனால் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரமே இருக்கும்போது அவரை நீக்கிவிட்டு ஜெர்மனியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். 2008 மார்ச்சில் சிலியின் சான்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்றபோது, 1928-க்குப் பிறகு முதல்முறையாக ஒலிம்பிக்குக்கே இந்தியா தகுதி பெறவில்லை. உலகக் கோப்பை வென்ற பையன்கள் நடுத்தர வயதுக்குப் போய்விடவில்லை. அவர்கள் ஆடவேண்டிய வயதே அதுதான்.

ஆகவே ஜூனியர் அணி எத்தனையாவது வந்தது என்பதை வைத்து மட்டும் பயிற்சியாளரை எடைபோடுவது தப்புக் கணக்கு. 21 வயதுக்குள் ஆடும் ஆட்டம் இது. பாதிப் பேருக்கு உடம்பே இன்னும் முழுதாக உரம் ஏறியிருக்காது. பயிற்சியாளர் பழக்கி எடுப்பதற்குள் வயது வரம்பு வந்து ஆளைக் கொண்டுபோய்விடும். ஒலிம்பிக் அணியில் இருப்பதோ பதினாறு இடம். அந்தப் பதினாறுக்கு எத்தனை பேரைத் தயார்செய்து அனுப்பினார், அனுப்பிய பையன்கள் மேலே போய் உடையாமல் நின்றார்களா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. தோல்வியோடு வீடு திரும்பிய கேலரிக்காரர்களுக்கு, வருஷம் போகப் போக, இது தானாகவே புரிந்துபோயிற்று.

2016 லக்னோ ஜூனியர் உலகக் கோப்பை இந்தக் கேள்விக்குக் கிடைத்த மிக நல்ல பதில். ஹரேந்திர சிங் பயிற்சியாளர். 2005-இல் ராட்டர்டாமில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஸ்பெயினிடம் பெனால்டி ஸ்ட்ரோக்கில் கோட்டைவிட்ட ஜூனியர் அணிக்கும் அவர்தான் பொறுப்பில் இருந்தார். பதினோரு வருஷம் ஆறாத புண் அது. லக்னோவில் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவை ஷூட்-அவுட்டில் தாண்டி, இறுதியில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்றார்கள். கோல் போட்டவர்கள் குர்ஜந்த் சிங், சிம்ரன்ஜீத் சிங். கோப்பையைவிடப் பெரிய விளைவு பின்னால் வந்தது. ஹர்மன்பிரீத் சிங், வருண் குமார், நீலகண்ட சர்மா, சுமித், சிம்ரன்ஜீத், குர்ஜந்த், மன்தீப் என்று அந்த அணியிலிருந்து ஏழு பேர் டோக்கியோவில் வெண்கலம் வாங்கினார்கள். ஜெர்மனிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் சிம்ரன்ஜீத் போட்டது இரண்டு கோல்.

லக்னோ அணியின் கேப்டன் ஹர்ஜீத் சிங் ஒலிம்பிக் ஆடவேயில்லை. அவர் வாழ்க்கையைப் படமாகவே எடுத்தார்கள். ஆனால் சீனியர் அணியின் கதவு அவருக்கு நிலைத்துத் திறக்கவில்லை. ஜூனியர் ஹாக்கியைப் பின்தொடர்பவர்கள் இந்தப் பெயரை மறப்பதில்லை. ஹரேந்திர சிங்கின் கதையும் இனிமையாக முடியவில்லை. பெண்கள் அணி, பிறகு ஆண்கள் சீனியர் அணி என்று மாற்றி மாற்றி அனுப்பினார்கள். 2018 உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2 என்று தோற்றதும் 2019 ஜனவரியில் நீக்கிவிட்டார்கள்.

இவ்வளவு வரலாற்றையும் மனதில் வைத்துக்கொண்டுதான் தில்லி ரசிகர்கள் ஸ்ரீஜேஷைப் பார்த்தார்கள். கோல்கீப்பர் ஒருவர் முழு அணிக்கும் தலைமைப் பயிற்சியாளர் ஆவது அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் யோசித்துப் பார்த்தால், மைதானம் முழுவதையும் முன்னால் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பவர் அவர் ஒருவர்தான். எந்தப் பக்கம் ஆள் குறைகிறது, பெனால்டி கார்னருக்கு முதலில் யார் ஓடவேண்டும், எதிராளி ஸ்டிக்கை எப்படித் திருப்புகிறான் என்று அறுபது நிமிடமும் கத்திச் சொல்லிக்கொண்டே இருப்பது அவர் வேலை. பாரிஸ் காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு, பத்தே பேரோடு பிரிட்டனை ஷூட்-அவுட் வரை இழுத்துப் பிடித்து ஜெயித்தார்களே, அன்றைக்குப் பின்வரிசையை நிறுத்திவைத்தது பாதி அந்தக் குரல்தான்.

அவரைப் பற்றி இன்னொன்றும் முக்கியம். காத்திருக்கத் தெரிந்தவர். எர்ணாகுளம் பக்கம் கிழக்கம்பலத்தில் விவசாயக் குடும்பம். கோல்கீப்பர் கவசம் வாங்க அப்பா பசுமாட்டை விற்றார் என்பது அவரே பலமுறை சொன்ன கதை. திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியில் ஹாக்கிக்கு வந்தார். 2006-இல் சீனியர் அணியில் முதல் ஆட்டம் ஆடினாலும், கோல்கீப்பர்களாக ஏட்ரியன் டி'சூசாவும் பரத் சேத்ரியும் இருந்த காலம் அது. 2011 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் பாகிஸ்தானின் பெனால்டி ஸ்ட்ரோக்குகளைத் தடுத்த பிறகுதான் அந்த இடம் அவருக்கு என்று ஆனது. ஐந்து வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குத்தான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பையனிடம் என்ன பேசவேண்டும் என்று தெரியும். ரசிகர்கள் அவர்மேல் வைத்த நம்பிக்கையில் பெரும்பங்கு இதில்தான் இருந்தது.

அவருக்குப் பின்னால் காத்திருந்தவரையும் தில்லி கண்ணாரக் கண்டது. 2024 அக்டோபர் 23, 24 தேதிகளில் ஜெர்மனியோடு இரண்டு ஆட்டங்கள், அதே தியான்சந்த் மைதானத்தில். பத்து வருஷத்துக்கும் மேலாகத் தலைநகரில் சர்வதேச ஹாக்கி இல்லை. புவனேஸ்வரம், ரூர்கேலா என்று எல்லாம் ஒடிசாவுக்குப் போயிருந்தது. அங்கே அரசு கையைப் பிடித்துத் தாங்கியது, போனதில் தப்பில்லை; ஆனால் தில்லிப் பிள்ளைகள் ஹாக்கியை டிவியில் மட்டுமே பார்த்து வளர்ந்தார்கள் என்பது இந்த ஊருக்குப் பெரிய நஷ்டம். முதல் நாள் 0-2 தோல்வி. இரண்டாம் நாள் கேலரியில் ஆரவாரம், பள்ளிச் சீருடைக் கூட்டம், 5-3 வெற்றி, பிறகு ஷூட்-அவுட்டில் தொடர் ஜெர்மனிக்கு. ஸ்ரீஜேஷ் இல்லாத கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றவர் கிருஷன் பகதூர் பாடக். 2016 லக்னோ ஜூனியர் அணியின் இரண்டாவது கோல்கீப்பர். பல வருஷம் ஒரே மனிதரின் நிழலில் இருந்தவர்.

ஸ்ரீஜேஷின் முதல் தேர்வும் அதே அக்டோபரில்தான். ஜோகூரில் நியூஸிலாந்தை ஷூட்-அவுட்டில் வென்று வெண்கலம். டிசம்பர் 4-ஆம் தேதி மஸ்கட்டில் ஜூனியர் ஆசியக் கோப்பை இறுதி. பாகிஸ்தானை 5-3 என்று வென்றார்கள், அதில் நான்கு கோல் அராய்ஜீத் சிங் ஹுண்டல் போட்டது. 2025 அக்டோபரில் மறுபடியும் ஜோகூர், இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 1-2, வெள்ளி. படிப்படியான ஏற்றம். ஆனாலும் 2013-இல் கையில் ஜோகூர் கோப்பையே இருந்ததை நினைவு வைத்திருப்பவர்கள் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆண்டு ஜூனியர் உலகக் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது. நவம்பர் 28 தொடங்கி டிசம்பர் 10 வரை, சென்னையிலும் மதுரையிலும், முதன்முறையாக 24 அணிகள். கரோல் பாக்கிலும் ஆர்.கே.புரத்திலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தனிச் சந்தோஷம். பாஸ்கரன் தலைமையில் 1980 மாஸ்கோ தங்கத்தைப் பார்த்த தாத்தாக்களும், கோவில்பட்டியில் பிள்ளைகள் ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போவார்கள் என்று ஊர்ப்பெருமை பேசுகிறவர்களும் இருக்கும் வீடுகள் அவை. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம் அவர்களில் பலருக்கு மனப்பாடம்.

சிலியை 7-0, ஓமனை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0. இந்தக் கணக்கை ரசிகர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிஜமான ஆட்டம் காலிறுதியில் பெல்ஜியத்தோடு. முதலில் ஒரு கோல் பின்தங்கி, கேப்டன் ரோஹித்தும் சாரதானந்த் திவாரியும் போட்ட கோல்களில் முன்னே போய், கடைசி நிமிடங்களில் பெல்ஜியம் சமன் செய்ய, 2-2. ஷூட்-அவுட்.

ஹாக்கி ஷூட்-அவுட்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. கால்பந்து போலப் பந்தை வைத்து உதைப்பதல்ல இது. 23 மீட்டர் கோட்டிலிருந்து ஆள் பந்தை ஓட்டிக்கொண்டு வருவான். எட்டு விநாடி. கோல்கீப்பர் முன்னால் ஓடிவந்து அவன் வழியைச் சுருக்கவேண்டும். அவசரப்பட்டு விழுந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுவான். தாமதித்தால் நேராக அடிப்பான். காலை வாரிவிட்டால் பெனால்டி ஸ்ட்ரோக். ஆகவே கெட்டிக்காரக் கோல்கீப்பர் செய்வது ஒன்றுதான்: கடைசிவரை நின்றபடியே இருந்து, எதிராளியின் எட்டு விநாடியைத் தின்பது. ஸ்ரீஜேஷ் பாரிஸில் செய்தது அதைத்தான். அன்று சென்னையில் பிரின்ஸ்தீப் சிங் என்ற பையன் அதைச் செய்தான். பெல்ஜியக்காரன் இடம், வலம் என்று ஆட்டம் காட்டினாலும் அவன் சாயவில்லை. மறுமுனையில் கிடைத்த பெனால்டி ஸ்ட்ரோக்குகளைச் சாரதானந்த் பிசகாமல் உள்ளே தள்ள, 4-3. ஓரத்தில் நின்றிருந்த பயிற்சியாளருக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.

அரையிறுதியில் ஜெர்மனி 5-1 என்று இறக்கிவைத்தது. வலித்தது. 2021 புவனேஸ்வரத்திலும் 2023 கோலாலம்பூரிலும் அரையிறுதியில் இதே ஜெர்மனி, அதற்குப் பிறகு வெண்கல ஆட்டத்திலும் தோல்வி, நான்காம் இடம். மூன்றாம் முறையும் அதே வரிசையா என்ற கேள்வியோடுதான் டிசம்பர் 10 வந்தது. அர்ஜென்டினா 2-0 என்று முன்னே இருந்தது. ஆட்டம் நான்காவது கால்பகுதிக்குள் போய்விட்டது. எத்தனையோ பேர் அந்தக் கட்டத்தில் ரிமோட்டைத் தேடியிருப்பார்கள்.

49-ஆவது நிமிடம் அங்கித் பால். 52-இல் மன்மீத் சிங். 57-இல் சாரதானந்த், பெனால்டி ஸ்ட்ரோக். 58-இல் அன்மோல் எக்கா. பத்தே நிமிடத்துக்குள் நான்கு கோல், 4-2. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஜூனியர் உலகக் கோப்பையில் ஒரு பதக்கம்.

இறுதியில் ஸ்பெயினை ஷூட்-அவுட்டில் வென்று ஜெர்மனி கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. ஜெர்மனிக்கும் நமக்கும் உள்ள தூரம் அந்த 5-1 தான். வெண்கலம் வந்தது என்பதற்காக அதை மறைக்கத் தேவையில்லை. அங்கே கிளப் ஹாக்கி ஊருக்கு ஊர் இருக்கிறது. பையன் ஆறு வயதில் சேர்ந்து, வாரா வாரம் ஆடி, அப்படியே மேலே போகிறான். இங்கே பயிற்சி முகாம்தான் எல்லாம். அந்த முகாமின் தலைவரை ஒரு தோல்விக்கும் அடுத்த தோல்விக்கும் நடுவில் மாற்றிக்கொண்டே இருந்தால் பையன் யார் சொல்வதைக் கேட்பான்? பதினாறு மாதத்தில் ஒரு புதுப் பயிற்சியாளர் இவ்வளவு செய்திருக்கிறார் என்றால் அவருக்கு நான்கு வருஷம் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவேண்டிய இடம் இது. ராஜிந்தர் சிங்குக்கும் ஹரேந்திர சிங்குக்கும் நடந்ததைப் பார்த்த ரசிகர்கள் இதைச் சத்தமாகவே சொல்கிறார்கள், சொல்லவும் வேண்டும்.

அந்த உலகக் கோப்பை 2004 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கானது. சென்னையில் ஆடியவர்களில் பலருக்கு அடுத்த ஜூனியர் உலகக் கோப்பைக்குள் வயது தாண்டிவிடும். சாரதானந்த், ரோஹித், ஹுண்டல், பிரின்ஸ்தீப் எல்லோரும் இனி ஹர்மன்பிரீத்துகளோடும் பாடக்குகளோடும் இடத்துக்குப் போட்டி போடவேண்டும். 2028 லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகும் பதினாறு பேரில் இவர்கள் எத்தனை பேர்?

கன்னாட் பிளேஸுக்கு அந்தப் பக்கம் சிவாஜி மைதானத்தில் நேரு கோப்பைப் பள்ளி ஆட்டங்களை விடாமல் பார்த்துவந்த பழைய தில்லி ரசிகர்களுக்கு ஆசை ஒன்று பாக்கி இருக்கிறது. இந்தப் பையன்கள் சீனியர் அணிச் சட்டையில் தியான்சந்த் மைதானத்துக்கு வரவேண்டும். முதுகில் என்ன எண் இருந்தாலும் சரி, டிசம்பர் பனியில் கையைத் தேய்த்துக்கொண்டு கேலரியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் பேரனிடம் அவர்களைப் பெயர் சொல்லிக் காட்டவேண்டும்.